திருவாதிரைக்கு எதற்கு இத்தனை எண்கள்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் திருவாதிரை நட்சத்திரத்தைப் பற்றி எழுதியபோது அதன் பெயருக்குப் பக்கத்தில் ‘எச்.டி. 39801’ என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டு விளக்கம் தராமல் நகர்ந்துவிட்டேன். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த மாதம் முழுக்க விண்மீன் அட்டவணைகள்தான்.

கேள்வி: செல்போன் செயலியில் திருவாதிரையைத் தொட்டால் ஆல்ஃபா ஓரியானிஸ், 58 ஓரியானிஸ், எச்.ஆர். 2061, எச்.டி. 39801, எஸ்.ஏ.ஓ. 113271, ஹிப் 27989 என்று வரிசையாகக் கொட்டுகிறது. ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு எண் போதாதா?
– ப்ளஸ் டூ மாணவி, கும்பகோணம்

உங்களுக்கே ரேஷன் கார்டில் ஒரு எண், பள்ளிப் பதிவேட்டில் ஒரு எண், வங்கிப் புத்தகத்தில் ஒரு எண், ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு எண் இருக்கும். ஆள் ஒருவர்தான், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் உங்களிடமிருந்து தெரிந்துகொள்ள நினைத்தது வேறு. நட்சத்திரக் கதையும் அதுதான். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வானத்தை எண்ணியிருக்கிறார்.

ஆல்ஃபா ஓரியானிஸ் என்ற பெயர் 1603-இல் வந்தது. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகர வழக்கறிஞர் யோகான் பாயர் ஒரு வான வரைபடப் புத்தகம் போட்டார். படத்தைப் பார்ப்பவர் ‘வேடனின் தோளில் இருக்கிற சிவப்பு மீன்’ என்று நீட்டி முழக்காமல் சட்டென்று சுட்டிக்காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் தேவை. அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் பிரகாசமானதிலிருந்து தொடங்கி கிரேக்க எழுத்துகளைச் சூட்டினார். தோராயமாகத்தான். அந்த வேடன் கூட்டமான ஓரியனில் பெரும்பாலான நாட்களில் ரைகல் என்ற மீன்தான் திருவாதிரையைவிடப் பிரகாசம், ஆனாலும் அது பீட்டா, திருவாதிரை ஆல்ஃபா.

58 என்பது ஃபிளாம்ஸ்டீட் எண். அதன் பின்னால் கப்பல்கள் இருக்கின்றன. நடுக்கடலில் தாங்கள் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறோம் என்று மாலுமிகளுக்குத் தெரியவில்லை, நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தால் அதைக் கணக்கிடலாம், அதற்கு முதலில் நட்சத்திரங்களின் இடம் சரியாகத் தெரிய வேண்டும். இதற்காகத்தான் 1675-இல் கிரீன்விச் ஆய்வகமே தொடங்கியது. ஜான் ஃபிளாம்ஸ்டீட் நாற்பது வருடத்துக்கு மேல் அளந்தார், இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி வெளியிடாமல் வைத்திருந்தார். பொறுக்காத நியூட்டனும் ஹாலியும் 1712-இல் அவர் சம்மதம் இல்லாமலே அச்சிட்டுவிட்டார்கள். 400 பிரதிகளில் 300-ஐ எப்படியோ கையில் வாங்கி, ஃபிளாம்ஸ்டீட் தீயில் போட்டார். அரைகுறை அளவு ஊர் முழுக்கப் போய்விடக் கூடாது என்ற அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. அவர் 1719-இல் இறந்தார். மனைவி மார்கரெட்டும் உதவியாளர்களும் விடாமல் உழைத்து 1725-இல் சரியான பதிப்பைக் கொண்டுவந்தார்கள், கிட்டத்தட்ட 3000 நட்சத்திரங்கள். இன்று நாம் சொல்லும் வரிசை எண்களை அவர் தானே போடவில்லை, அவருடைய பட்டியலுக்குப் பிறர் போட்டவை. ஒரு செய்தி சேர்த்துச் சொல்கிறேன்: அவர் 1690-இல் ரிஷப ராசியில் ஒரு நட்சத்திரம் என்று குறித்துவைத்த ‘34 டாரி’ நட்சத்திரமே இல்லை, யுரேனஸ் கிரகம். வில்லியம் ஹெர்ஷல் அதைக் கண்டுபிடிப்பதற்கு 91 வருடம் முன்பே பட்டியலில் உட்கார்ந்திருந்தது.

எச்.டி. என்றால் ஹென்றி டிரேப்பர். அமெரிக்க டாக்டர், நட்சத்திர ஒளியைப் பட்டகத்தால் பிரித்துப் படம் எடுத்தவர். 1882-இல் அவர் இறந்ததும் மனைவி ஆனா கொடுத்த பணத்தில் ஹார்வர்டு ஆய்வகம் அந்த வேலையைத் தொடர்ந்தது. இங்கே ‘எங்கே இருக்கிறது’ என்பதைவிட ‘எப்படிப்பட்டது’ என்பதுதான் முக்கியம். காது சரியாகக் கேட்காத ஆனி ஜம்ப் கேனன் என்ற பெண்மணி கண்ணாடித் தகடுகளில் இருந்த நிறமாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வகை பிரித்தார். 1918 முதல் 1924 வரை வெளிவந்த ஒன்பது தொகுதிகளில் 2,25,300 நட்சத்திரங்கள். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறீர்களே, வெப்பமானதிலிருந்து குளிர்ந்ததுவரை, அந்த வரிசையை நிலைநிறுத்தியது இந்த வேலைதான். திருவாதிரை அதில் எம் வகை, ரைகல் பி வகை. இன்றும் வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றிப் படித்தால் எச்.டி. 209458 என்பது போன்ற பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்.

எச்.ஆர். எண் வெறும் கண்ணுக்குத் தெரிகிறவற்றுக்கு. ஹார்வர்டில் 1908-இல் பிரகாசம் அளந்தபோது போட்ட 9110 எண்கள், பிறகு யேல் பல்கலைக்கழகத்தின் பிரகாச விண்மீன் அட்டவணை அதையே வைத்துக்கொண்டது.

எஸ்.ஏ.ஓ. எண்ணின் கதை வேறு. 1957-இல் ஸ்புட்னிக் ஏறியதும் செயற்கைக்கோள்கள் எங்கே போகின்றன என்று கண்காணிக்க வேண்டிவந்தது. வழி என்னவென்றால் அதை வானத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, பின்னால் தெரியும் நட்சத்திரங்களை வைத்து இடத்தைக் கணிப்பது. அதற்கு எந்தத் திசையில் படம் எடுத்தாலும் பின்னணியில் இடம் தெரிந்த நட்சத்திரங்கள் சில விழ வேண்டும். ஆகவே ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் பல பழைய பட்டியல்களைக் கணினியில் ஒன்றாக்கி, 1966-இல் 2,58,997 நட்சத்திரங்களை வெளியிட்டது. அந்தக் கண்காணிப்புக் கேமராக்களில் ஒன்று நம் நைனிடாலில் இருந்தது.

ஹிப் எண் பற்றி அடுத்த பதிலில். இத்தனை எண்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கும் வானியல் தரவு மையம் ‘சிம்பாத்’ என்ற இணையத் தளத்தை நடத்துகிறது. ஏதாவது ஓர் எண்ணைக் கொடுங்கள், மீதியெல்லாம் வரும். இலவசம்.

கேள்வி: கையா விண்கலம் 180 கோடி நட்சத்திரங்களை அளந்துவிட்டது. ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் இருக்கும் பழைய பட்டியல்களை இனி அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம், சரிதானே?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

சரியில்லை. மரியாதையோடுதான் மறுக்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இப்படி நினைக்கிறார்கள்.

முதலில் கையாவின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பர் 19-இல் அனுப்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று 2025 ஜனவரி வரை அளந்தது, மார்ச்சில் அதை அணைத்தார்கள். 2022-இல் வந்த மூன்றாம் வெளியீட்டில் சுமார் 180 கோடி ஒளிப்புள்ளிகள், அதில் சுமார் 146 கோடிக்கு இடம், தூரம் காட்டும் இடமாறு தோற்றம், நகர்வு எல்லாம் உண்டு. அதற்கு முன்னோடி ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள். 1989-இல் ஏவியபோது அதன் மோட்டார் எரியாமல் போய்த் தவறான சுற்றுப்பாதையில் மாட்டிக்கொண்டது, ஆனாலும் விஞ்ஞானிகள் கைவிடவில்லை, வேலை வாங்கினார்கள். 1997-இல் 1,18,218 நட்சத்திரங்களின் பட்டியல் வந்தது. ஹிப் எண் அதுதான். ஒவ்வொன்றின் இடத்தையும் ஒரு விகலையின் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது சொன்னது. ஒரு ரூபாய் நாணயத்தை நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் எவ்வளவு அகலமாகத் தெரியுமோ அவ்வளவுதான் தவறு. கையா அதைவிடப் பல மடங்கு நுணுக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கையாவின் கண் மங்கலானவற்றுக்காகச் செய்தது. அதீதப் பிரகாசமான நட்சத்திரங்கள் அதைக் கூச வைத்துவிடும். அதனால் சிரியஸ், திருவாதிரை மாதிரியான, சின்னக் குழந்தைகூட விரல் நீட்டிக் காட்டுகிற நட்சத்திரங்களுக்குக் கையாவில் முறையான அளவு கிடையாது. அவற்றுக்கு இன்றும் ஹிப்பார்கோஸையும் பழைய அளவுகளையும்தான் நாட வேண்டும்.

இரண்டாவது, எனக்கு இதுதான் முக்கியம்: காலம். நட்சத்திரங்கள் நகர்கின்றன, ஆனால் மிக மெதுவாக. எல்லாவற்றையும்விட வேகமாக நகர்வதாகத் தெரியும் பர்னார்டு நட்சத்திரமே நிலாவின் அகலத்தைக் கடக்க 170, 180 வருடம் எடுக்கும். அளவுக் கருவியை எவ்வளவு வேண்டுமானாலும் கூர்மையாக்கலாம், நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியை யாராலும் திரும்ப வாங்க முடியாது. அந்த ராத்திரியில் யாராவது அளந்து எழுதிவைத்திருந்தால்தான் உண்டு. ஹாலி 1718-இல் செய்தது அதுதான். பழங்கால வானியலாளர் தாலமியின் பட்டியலைத் தன் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சுவாதி, சிரியஸ், ரோகிணி மூன்றும் இடம் மாறியிருந்தன. ‘நிலை மீன்கள்’ நிலையாக இல்லை என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். சுமார் 1800 வருடத்தில் சுவாதி நிலாவின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நகர்ந்திருந்தது.

இன்னொன்று நம் நாட்டிலேயே நடந்தது. 1887-இல் பாரிஸில் கூடி, உலகத்தின் பல ஆய்வகங்கள் வானத்தைப் பட்டை பட்டையாகப் பங்கு போட்டுக்கொண்டு படம் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அதில் மைனஸ் 17 முதல் மைனஸ் 23 பாகை வரையிலான தெற்குப் பட்டை ஹைதராபாத்தின் நிஜாமியா ஆய்வகத்துக்கு வந்தது, அதை முடித்த பிறகு வடவானத்திலும் ஒரு பட்டையை எடுத்துச் செய்தார்கள். பேகம்பேட்டில் உட்கார்ந்து கண்ணாடித் தகட்டில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியையும் நுண்ணோக்கியில் அளந்து, கையால் எழுதி, லட்சக்கணக்கான நட்சத்திரங்களை அச்சிட்டார்கள். பிறகு பல காலம் யாரும் அதை அவ்வளவாகத் திறக்கவில்லை. 2000-இல் ‘டைக்கோ-2’ என்ற பட்டியலைத் தயாரித்தபோது, 25 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வைக் கணக்கிட ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவை ஒரு முனையாகவும், ஹைதராபாத் உள்ளிட்ட அந்தப் பழைய ஆய்வகங்களின் அளவை மறுமுனையாகவும் வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். அந்தத் தகடுகளை அளந்தவர்கள் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஆனால் அவர்கள் வேலை வீண் போகவில்லை.

எண்ணிக்கையை வைத்து எந்தப் பட்டியல் பெரியது என்று பார்க்காதீர்கள். எந்த நட்சத்திரம், எந்த வருடம், எதற்காக என்று கேளுங்கள்.

கேள்வி: நம் 27 நட்சத்திரங்களையும் ஒரு விண்மீன் அட்டவணை என்று சொல்லலாமா? இல்லை, அது ஜோதிடத்துக்கு மட்டும்தானா?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், திருநெல்வேலி

தாராளமாகச் சொல்லலாம் ஐயா. நிலா வானத்தை ஒரு முறை சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அது தினம் எங்கே தங்குகிறது என்று குறிக்க வழியில் மைல்கல் வேண்டும். பழந்தமிழில் இவற்றுக்கு நாள்மீன் என்றே பெயர், கிரகங்கள் கோள்மீன். சூரிய சித்தாந்தம் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ‘யோக தாரை’ என்று ஒரு முதன்மை மீனைச் சொல்லி, அது எத்தனை பாகையில் இருக்கிறது, சூரியன் போகும் பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எண்ணோடு கொடுக்கிறது. அது அட்டவணை இல்லாமல் வேறென்ன?

ஆனால் அதன் நோக்கம் நிலாவின் வழி. அந்த வழியைக் குறிக்கப் பயன்படாவிட்டால் எவ்வளவு பிரகாசமான மீனும் இருபத்தேழில் வராது, இரவு வானத்திலேயே அதிகம் ஒளிர்கிற சிரியஸ் இதில் இல்லை பாருங்கள். தாலமியின் பட்டியலோடு இதை ஒப்பிட்டு ‘அதில் ஆயிரத்துச் சொச்சம், இதில் இருபத்தேழுதானா’ என்று சிலர் கேட்கிறார்கள். தாலமி 48 கூட்டங்களின் முழு உருவத்தையும் வரைய நினைத்தார், இவர்கள் நிலாவின் வழியைக் குறிக்க நினைத்தார்கள். வேலை வேறு.

தாலமிக்கும் முன்னால் ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்கர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஒரு பட்டியல் செய்தார் (செயற்கைக்கோளுக்கு அவர் நினைவாகத்தான் பெயர்). அது தொலைந்துபோனதாகவே கருதிவந்தார்கள். 2022-இல், சினாய் மலை மடத்திலிருந்து வந்த ஒரு தோல் சுவடியில், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறு எழுதியிருந்த பக்கங்களை வெவ்வேறு நிற ஒளியில் படம் எடுத்தபோது, வடமகுடக் கூட்டத்தின் அளவுகள் அடியில் தெரிந்தன. பூமியின் அச்சுத் தள்ளாட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் கி.மு. 129-ஐ ஒட்டிய வானத்தோடு அவை பொருந்துகின்றன. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: அச்சுத் தள்ளாட்டம் என்றதும் நினைவு வருகிறது. அட்டவணைகளில் ‘ஜே 2000’ என்று போடுகிறார்களே, அது என்ன?
– வாசகர், யாழ்ப்பாணம்

2000 ஜனவரி 1 நண்பகலில் இருந்த திசைகளின்படி இந்த எண்கள் என்று பொருள். பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லச் சுழல்வதால் நாம் வானத்தில் போடும் கற்பனைக் கோடுகள் சுமார் 72 வருடத்துக்கு ஒரு பாகை வீதம் நகர்கின்றன. 2000-த்துக்குப் பிறகே நிலாவின் அகலத்தில் பாதிக்கு மேல் விலகிவிட்டது. பழைய புத்தகத்தில் ‘1950’ என்றிருக்கும் எண்ணை அப்படியே தொலைநோக்கியில் போட்டால் மீன் கிடைக்காது. எந்த ஆண்டுக்கான எண் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: நம்ம சென்னையில் யாராவது இப்படி நட்சத்திரப் பட்டியல் போட்டிருக்கிறார்களா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

போட்டிருக்கிறார்கள், அதுவும் அந்தக் காலத்தின் பெரிய பட்டியல்களில் ஒன்று.

1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் வீட்டில் ஒரு சிறு ஆய்வகம் வைத்திருந்தார். 1792-இல் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆய்வகமாக நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. கம்பெனிக்கு வேண்டியது கடற்பயணமும் நில அளவையும்தான். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிய பெரும் நில அளவைக்குத் தீர்க்கரேகையின் தொடக்கப் புள்ளி இந்த ஆய்வகம். வானத்தில் இடம் சரியாகத் தெரிந்தால்தான் தரையில் இடம் சரியாக வரும், ஆகவே நட்சத்திரங்கள். 1830-இல் பொறுப்பேற்ற டி.ஜி. டெய்லர், உள்ளூர் உதவியாளர்களோடு சேர்ந்து வருடக்கணக்கில் அளந்து 1844-இல் 11,015 நட்சத்திரங்களின் மதராஸ் அட்டவணையை வெளியிட்டார். அன்று ஐரோப்பாவின் ஆய்வகங்களுக்குத் தென்வானம் சரியாகத் தெரியாது, மதராஸிலிருந்து தெரியும். அதுதான் இதன் மதிப்பு.

1861-இல் வந்த நார்மன் பாக்சன் இன்னொரு வகையில் முக்கியமானவர். நட்சத்திரங்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு வரை பிரகாசத்தால் பிரிப்பது கிரேக்கர் காலத்துப் பழக்கம், ஆனால் ஒரு தரத்துக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஐந்து தரம் என்றால் சரியாக நூறு மடங்கு, அதாவது ஒரு தரத்துக்குச் சுமார் 2.512 மடங்கு என்று 1856-இல் அவர் சொன்னார், அது அவர் இங்கிலாந்தில் இருந்தபோது. இன்று உலகத்தில் எந்தப் பட்டியலை எடுத்தாலும் பிரகாசத்துக்கான கட்டத்தில் அவர் கணக்குதான். அவரோடு வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். அந்த ‘ஆர்’ ஏன் தெரியுமா? பாயர் தன் எழுத்துகளை ‘க்யூ’வோடு நிறுத்தியிருந்தார், அதனால் ஒளி மாறும் நட்சத்திரங்களுக்கு ‘ஆர்’ முதல் பெயர் வைக்கலாம் என்று ஜெர்மன் வானியலாளர் ஆர்கெலாண்டர் ஒரு வழி சொன்னார். இவற்றுக்கென்றே மாஸ்கோவில் 1948 முதல் தனிப் பொதுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், ரகுநாதாச்சாரியின் மீன் அதிலும் உண்டு.

ஆய்வகம் பிறகு கொடைக்கானல் போய்விட்டது. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது, அதில் தமிழிலும் தெலுங்கிலும் வேறு சில மொழிகளிலும் எழுதியிருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போகிற தூரம்தான். அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: கார்த்திகைக் கூட்டத்தின் தூரம் ஒரு புத்தகத்தில் 385 ஒளியாண்டு, இன்னொன்றில் 440-க்கும் மேல். எது அச்சுப்பிழை?
– ஆசிரியை, தேனி

இரண்டும் அச்சுப்பிழை இல்லை. 385 ஒளியாண்டு ஹிப்பார்கோஸ் சொன்னது. அது வந்தபோது பெரிய அதிர்ச்சி, ஏனென்றால் நட்சத்திரங்களின் நிறம், பிரகாசம் ஆகியவற்றை வைத்துப் போட்ட பழைய கணக்கெல்லாம் 430-ஐ ஒட்டி வந்துகொண்டிருந்தது. கூட்டம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் அந்த நட்சத்திரங்கள் இருக்க வேண்டியதைவிட மங்கல் என்றாகும், நட்சத்திரங்கள் எப்படி எரிகின்றன என்ற நம் புரிதலிலேயே ஓட்டை என்றாகும். பதினைந்து வருடத்துக்கு மேல் இந்தச் சண்டை ஓடியது. 2014-இல் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அளந்தவர்கள் சுமார் 444 ஒளியாண்டு என்றார்கள், பிறகு கையாவும் அதையொட்டியே சொல்லிவிட்டது. அந்தக் கூட்டத்தைப் பொறுத்தவரை ஹிப்பார்கோஸ் தவறியிருந்தது.

ஆகவே வகுப்பில் 440-ஐயொட்டிய எண்ணைச் சொல்லுங்கள். ஆனால் 385-ஐயும் சொல்லுங்கள், யார் எப்போது அளந்தது என்பதோடு. பிள்ளைகளுக்கு ஒரு எண்ணைக் கொடுப்பதைவிட அந்த எண் எப்படித் திருந்தியது என்று காட்டுவது பெரிய உதவி.

கேள்வி: அதே கார்த்திகையை எம் 45 என்கிறார்களே, அதுவும் நட்சத்திரப் பட்டியலா?
– வாசகி, புதுச்சேரி

இல்லை. சார்லஸ் மெஸ்ஸியே பாரிஸில் வால்நட்சத்திரம் தேடியவர். தேடும்போது வால்நட்சத்திரம் மாதிரியே புகையாகத் தெரிந்து ஏமாற்றுகிற, ஆனால் நகராத பொருட்களை ‘இவற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம்’ என்று குறித்தார். 1774-இல் வந்த முதல் பட்டியலில் 45, கடைசி எண் கார்த்திகை. இன்று 110. அவர் ஒதுக்கிவைத்த பட்டியல்தான் இப்போது தொலைநோக்கி வாங்குகிற எல்லோரும் முதலில் தேடுகிற பட்டியல்.

கேள்வி: விண்கலம் தான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? அதற்கும் பட்டியல் உண்டா?
– பத்தாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

உண்டு தம்பி. அதுவும் வேலைக்குத் தகுந்த அளவில். ஹப்பிள் தொலைநோக்கி ஒரு சின்னஞ்சிறு இடத்தையே வெகுநேரம் அசையாமல் பார்க்க வேண்டும், அதற்குப் பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிமானமாகச் சில நட்சத்திரங்கள் தேவை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடைக்க வேண்டும் என்பதால், புகைப்படத் தகடுகளைக் கணினியில் ஏற்றி சுமார் ஒன்றரைக் கோடி நட்சத்திரங்களோடு ஒரு வழிகாட்டிப் பட்டியல் செய்தார்கள். நிலாவுக்குப் போன அப்பல்லோவுக்கு அவ்வளவு வேண்டாம். ஆள் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துக் கருவியை அதன் மேல் நிறுத்த வேண்டும், எனவே பட்டியலில் மொத்தமே 37. நம் பஞ்சாங்கத்தில் வருகிற ரோகிணி, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் எல்லாம் அந்த 37-இல் இருக்கின்றன. மூன்றுக்கு மட்டும் புதுப் பெயர்: நாவி, டினோசெஸ், ரெகோர். 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 தீ விபத்தில் இறந்த கிரிஸம், வைட், சாஃபி மூவரின் பெயர்ப் பகுதிகளைத் திருப்பி எழுதியவை அவை. அதற்குப் பிறகு நிலாவுக்குப் போனவர்கள் அந்த நட்சத்திரங்களையும் பார்த்துத்தான் வழி கண்டார்கள்.

கேள்வி: பணம் கட்டினால் என் மகள் பெயரை ஒரு நட்சத்திரத்துக்கு வைத்து, சான்றிதழும் தருவதாக இணையத்தில் விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
– ஒரு தந்தை, ஓசூர்

வேண்டாம். அந்தச் சான்றிதழ் அவர்கள் வைத்திருக்கும் நோட்டில் மட்டும்தான் செல்லும். நான் மேலே சொன்ன எந்த அட்டவணையிலும் அந்தப் பெயர் ஏறாது. அதிகாரபூர்வமாகப் பெயரை ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியம், அது பெயர்களை விற்பதில்லை. 2019-இல் ஒவ்வொரு நாடும் ஒரு நட்சத்திரத்துக்குப் பெயர் பரிந்துரைக்கலாம் என்று வாய்ப்புக் கொடுத்தது. இந்தியாவுக்குக் கிடைத்த எச்.டி. 86081-க்கு ‘பிபா’ என்று பெயர், காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த பிபா சவுத்ரியின் நினைவாக. மகளுக்கு அந்தக் கதையைச் சொல்லி, அந்தப் பணத்தில் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். எனக்கு எந்த அட்டவணை?
– வங்கி ஊழியர், சேலம்

தேடிப் பார்த்து ரசிக்க மெஸ்ஸியே. இரட்டை நட்சத்திரங்களில் ஆசை இருந்தால் வாஷிங்டன் இரட்டை விண்மீன் அட்டவணை, இணையத்திலேயே கிடைக்கும். ஊர் வெளிச்சத்தில் மங்கலானவை தெரியாது, கவலைப்படாதீர்கள், இரட்டைகள் நன்றாகவே தெரியும்.

ஆனால் நீங்கள் பார்ப்பது ஒரு பதிவாக நிற்க வேண்டும் என்றால் தொலைநோக்கியே வேண்டாம். மார்கழியில் இருட்டியதும் கிழக்கே திருவாதிரை எழும். அதை ரோகிணியோடும் ரைகலோடும் ஒப்பிட்டு, எது எவ்வளவு பிரகாசம் என்று மதிப்பிட்டு, தேதி, நேரத்தோடு எழுதுங்கள். வாரம் ஒரு முறை போதும். 2020 பிப்ரவரியில் திருவாதிரை 1.6 தரம் அளவுக்கு மங்கி, ரோகிணியைவிடக் கண்கூடாகக் குறைந்தபோது, உலகம் முழுக்க இப்படி எழுதிவைத்தவர்களின் குறிப்புகளை வானியலாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 1911 முதல் மாறொளி நட்சத்திரக் குறிப்புகளைச் சேர்த்துவரும் அமெரிக்கச் சங்கம் ஒன்று இருக்கிறது, ஏ.ஏ.வி.எஸ்.ஓ. என்று தேடினால் வரும், எந்த நாட்டிலிருந்தும் அனுப்பலாம். முதல் குறிப்பை எழுதியதும் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.